பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, சைரனுக்கு எத்தனை நொடி?

மலைச்சரிவில் நடப்படும் ஓர் எச்சரிக்கை சென்சாரின் ரேடியோ தன் வாழ்நாளில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கைத் தூக்கத்திலேயே கழிக்கிறது. வேண்டுமென்றேதான் அப்படி வடிவமைக்கிறார்கள். அது நிற்கும் இடத்துக்கு மின்கம்பி போகாது. பேட்டரி தீர்ந்தால் வழுக்குப் பாதையில் ஏறிப்போய் மாற்றுவதற்கு ஆள் வேண்டும். ஐம்பது கருவிகள் என்றால் ஐம்பது இடங்களுக்கு ஏறி இறங்க வேண்டும். ஆகவே தேவைப்படாத நேரத்தில் ரேடியோவை அணைத்துவைப்பது இந்தத் துறைக்கு வரும் பொறியாளர் கற்கும் முதல் பாடம். ஆனால் ரேடியோ அணைந்திருக்கும் கருவியிடம் யாரும் எதையும் சொல்ல முடியாது. அது விழிக்கும்வரை செய்தி காத்திருக்க வேண்டும். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட்டால் தாமதம் கூடும். தாமதத்தைக் குறைத்தால் மின்சாரம் கரையும். கம்பியில்லா சென்சார் வலையமைப்புகள் தோன்றிய நாளிலிருந்து இந்த இழுபறி இருக்கிறது. வயலின் ஈரத்தையோ கிடங்கின் வெப்பத்தையோ அளக்கும் வலையமைப்பில் இதை எப்படித் தீர்த்துக்கொண்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. உயிர் காக்கும் எச்சரிக்கைக்காக நடப்படும் வலையமைப்பில் அப்படி விட்டுவிட முடியாது. பேட்டரி இத்தனை ஆண்டு வர வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதனால் விளையும் தாமதத்தைப் பேசாமல் ஏற்றுக்கொள்வது அங்கே தவறான வரிசை என்பதே என் வாதம். சைரன் எத்தனை நொடிக்குள் ஒலிக்க வேண்டும் என்பதை மலையையும் அதன் அடியில் வாழும் மக்களையும் பார்த்து முதலில் தீர்மானிக்க வேண்டும். அதற்கு வேண்டிய மின்சாரத்தை ஒதுக்குவது அடுத்த வேலை.

இது நமக்குத் தொலைவான விவகாரம் இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதில் 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். தலைமுறைகளுக்கு முன்னால் தமிழகத்திலிருந்து மலையேறியவர்களின் வாரிசுகள். மின்சாரம் போய் செல்பேசி டவர் செயலிழந்திருந்ததால், இரவில் நடந்தது வெளியுலகுக்கு விடிந்த பிறகுதான் தெரிந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் போயின; அங்கும் மலையகத் தமிழர்கள்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு பேரழிவுக்குப் பிறகும் மலையில் சென்சார் நட வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. எழ வேண்டியதுதான். ஆனால் நடப்போகும் கருவியிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்ற கேள்வி பொதுவெளியில் எழுவதே இல்லை.

மின்சாரம் எங்கே போகிறது என்று பார்த்தால்தான் இந்த இழுபறியின் அளவு புரியும். இந்தத் துறையின் ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலம் பயன்படுத்திய சி.சி.2420 என்ற ரேடியோ சிப்பை எடுத்துக்கொள்வோம். முழுத் திறனில் செய்தி அனுப்பும்போது அது 17.4 மில்லியாம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. செய்தி வருகிறதா என்று காது கொடுத்துக் காத்திருக்கும்போது 18.8 மில்லியாம்பியர். பேசுவதைவிடக் கேட்பதற்குச் செலவு அதிகம். யாருமே பேசாத நேரத்தில் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலும் அதே செலவு. 2,500 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு ஜோடி பென்சில் பேட்டரியில் இந்த ரேடியோவை ஓயாமல் விழித்திருக்கச் செய்தால் ஐந்தரை நாளில் பேட்டரி தீர்ந்துவிடும். நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும், அதாவது ஒவ்வொரு நொடியிலும் 10 மில்லிநொடி மட்டும் விழிக்கச் செய்தால், அதே பேட்டரி ரேடியோவின் தேவையை ஒன்றரை ஆண்டு தாங்கும். ஐந்தரை நாள் எங்கே, ஒன்றரை ஆண்டு எங்கே! இவ்வளவு பெரிய ஆதாயம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எந்தப் பொறியாளரும் தூக்கத்தையே தேர்ந்தெடுப்பார். அதில் குற்றம் காண எதுவும் இல்லை.

விலை வேறிடத்தில் கொடுக்கப்படுகிறது. மலை உச்சியில் இருக்கும் சென்சாரின் சிறு ரேடியோ அடிவாரம்வரை எட்டாது. பக்கத்துக் கருவிக்கு அது சொல்ல, அது அடுத்ததற்குச் சொல்ல, செய்தி கைமாறிக் கைமாறித்தான் கீழே இறங்குகிறது. எல்லா வீட்டிலும் ஆள் தூங்கி, குறித்த நேரத்துக்கு ஒருமுறை மட்டும் கதவைத் திறந்து பார்க்கும் தெருவில் ஒரு சேதியைக் கடத்துவது போன்ற காரியம் இது. ஒவ்வொரு கருவியும் நொடிக்கு ஒருமுறை விழிக்கிறது என்றால், ஒரு கைமாற்றத்துக்கு அதிகபட்சம் ஒரு நொடி. பத்து கைமாற்றங்களுக்குப் பத்து நொடி. பேட்டரியை இன்னும் நீட்டிக்க நினைத்து, நான்கு நொடிக்கு ஒருமுறை விழித்தால் போதும் என்று யாரோ ஒருவர் அமைப்பை மாற்றினால், அதே பாதையில் நாற்பது நொடி ஆகிவிடும். 2002இல் வெய் யே, ஜான் ஹைடெமன், டெபோரா எஸ்ட்ரின் ஆகிய மூவரும் எஸ்-மேக் என்ற நெறிமுறையை முன்வைத்தபோது, மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தாமதத்தை விலையாகக் கொடுக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொன்னார்கள். இரண்டே ஆண்டில், 2004இல் வந்த டி-மேக் அந்த விலையைப் பெருமளவு குறைத்தது. மேலிருந்து கீழ்வரை உள்ள கருவிகள் ஒன்றையடுத்து ஒன்றாக, செய்தி வந்துசேரும் நேரத்துக்குச் சரியாக விழிக்கும்படி அது ஏற்பாடு செய்தது. மொத்தத் தூக்கம் குறையவில்லை. யார் எப்போது விழிப்பது என்ற ஒழுங்கு மட்டும் மாறியது. மின்சிக்கனமும் வேகமும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்றும், ஒன்றை ஏற்றினால் மற்றது இறங்கியே தீரும் என்றும் நினைப்பது முழு உண்மை இல்லை என்பதற்கு இது முதல் சான்று. தூக்கத்தின் அளவைவிட அதைப் பங்கிடும் விதம் முக்கியம்.

ஆய்வுக்கட்டுரைகளில் தரப்படும் தாமதம் பெரும்பாலும் சராசரி. மலைக்கு அது உதவாது. சரிவு நிகழும் இரவு எந்த வகையிலும் சராசரி இரவாக இருக்காது. அன்று இலைகளெல்லாம் நனைந்திருக்கும். ஈர இலைகள் ரேடியோ அலையை உறிஞ்சும். செய்திகள் வழியில் தொலையும். தொலைந்த செய்தியை மறுபடி அனுப்ப, கேட்க வேண்டிய கருவி அடுத்த முறை விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு முழுத் தூக்க இடைவெளி கூடுகிறது. அதே நேரத்தில் பல கருவிகளும் ஆபத்தை உணர்ந்து ஒன்றாகப் பேச முற்படும், பேச்சு ஒன்றோடொன்று மோதும், மறுபடியும் தாமதம். இன்னொன்று, பேட்டரிக்குத் துணையாக வைக்கும் சூரியத் தகடு தென்மேற்குப் பருவமழையில் நாள்கணக்கில் வெயிலையே பார்க்காது. மின்வரத்து மிகவும் குறைந்திருக்கும் வாரங்களில்தான் கருவி மிக அதிகமாக விழித்திருக்க வேண்டியிருக்கிறது. ஆண்டுச் சராசரியை வைத்துப் போட்ட மின்சாரக் கணக்கு ஜூலை மாதத்து மலையில் பொய்த்துப்போவது இதனால்தான். அடிவாரத்துக்கு அருகில் இருக்கும் கருவிகளின் நிலை இன்னும் மோசம். மேலிருந்து வரும் எல்லாச் செய்தியும் அவற்றின் வழியாகவே போக வேண்டும் என்பதால் அவற்றின் பேட்டரிதான் முதலில் சாகும். எல்லாக் கருவிக்கும் ஒரே பேட்டரி, ஒரே தூக்க இடைவெளி என்ற சமத்துவம் இங்கே ஆபத்தானது.

அப்படியானால் மலை எவ்வளவு நேரம் தருகிறது? இதற்கு ஒரே விடை கிடையாது. அதுவே என் வாதத்தின் மையம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, துளைகளில் தேங்கி, அங்கே நீரழுத்தம் ஏறி, மண்ணின் பிடிமானம் தளர்வதற்கு மணிக்கணக்கில், சில இடங்களில் நாள்கணக்கில் ஆகிறது. இந்தக் கட்டத்தில் அளவீடு பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் குடி முழுகிவிடாது. சரிவு நகரத் தொடங்கிய பிறகு கதை வேறு. சேறும் பாறையும் நீருமாகக் கலந்து பாயும் ஓட்டம் நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வருவது அபூர்வமில்லை. அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள லயனை அது நூறு நொடியில் எட்டும். தூங்கிக்கொண்டிருப்பவர் சைரன் கேட்டு எழுந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வயதானவரைக் கைப்பிடித்து, இருட்டில் ஓட்டத்தின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகி மேட்டில் ஏறுவதற்கு அந்த நூறு நொடியே போதாது. அதில் நாற்பது நொடியைத் தூங்கும் ரேடியோக்களுக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் அறுபது. மேலே சொன்ன அந்த அமைப்பு மாற்றம், ஒன்று என்ற எண்ணை நான்கு என்று ஆக்கியது, இந்த வீட்டில் என்ன செய்கிறது என்று அந்த எண்ணை மாற்றியவர் ஒருபோதும் பார்க்கப்போவதில்லை. ஆகவே ஒரே மலையில், ஒரே வலையமைப்புக்குள், இரண்டு தாமத வரம்புகள் வேண்டும். மண்ணின் ஈரத்தையும் நீரழுத்தத்தையும் சொல்லும் செய்திக்கு நிமிடக்கணக்கில் ஒரு வரம்பு. மண் நகர்கிறது என்று சொல்லும் செய்திக்கு நொடிக்கணக்கில் ஒரு வரம்பு.

மூணாறிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. அமிர்தா பல்கலைக்கழகத்தின் மனீஷா ரமேஷ் தலைமையிலான குழு, முன்பே நிலச்சரிவைச் சந்தித்திருந்த அந்தோணியார் காலனியின் சரிவில் 2008-2009 வாக்கில் ஒரு கம்பியில்லா சென்சார் வலையமைப்பை நட்டது. ஆழமான துளைகள் தோண்டி, நீரழுத்தமானி, மண் ஈரமானி, சாய்வுமானி, அதிர்வை உணரும் ஜியோஃபோன் ஆகியவற்றை இறக்கினார்கள். தரவு மலையிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் அருகே அமிர்தபுரி வளாகத்துக்குப் போனது. எச்சரிக்கையை மூன்று படிநிலைகளாகப் பிரித்தார்கள். ஆபத்து ஏற ஏறக் கருவிகள் அடிக்கடி அளக்கும், ஆபத்து இல்லாதபோது பேட்டரியைச் சேமிக்கும். 2009 ஜூலையில் பெருமழையின்போது அந்த அமைப்பின் அளவீடுகளை வைத்து எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. பிற்பாடு சிக்கிமின் காங்டாக் நகரிலுள்ள சாந்த்மாரிச் சரிவிலும் இதே குழு வலையமைப்பை நிறுவியது. இந்திய மலைகளில், இந்திய மழையில், இந்தக் காரியம் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால் அது ஒரு சரிவு. பெட்டிமுடி அதன் எல்லைக்குள் இல்லை. ஒரு ஆய்வுக்குழு அக்கறையோடு ஒரு சரிவில் செய்ததை நூறு சரிவுகளில் ஒப்பந்ததாரர் மூலம் செய்யும்போது, அந்த அக்கறையை எழுத்தில் வைக்காவிட்டால் அது தானாக வந்துவிடாது.

ஏற்றத்தாழ்வாகப் பங்கிடுவது என்றால் என்ன என்பதற்கு ஆழ்கடலில் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007இல் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் கடலடி அழுத்தமானிகள் அதன் கண்களாக இருக்கின்றன. இவ்வகைக் கருவிக்கு முன்மாதிரி அமெரிக்காவின் டார்ட் அமைப்பு. கடலடியில், ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில், பேட்டரியை நம்பி ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கருவி அது. பதினைந்து நொடிக்கு ஒருமுறை அது நீரழுத்தத்தை அளக்கிறது. அளப்பதற்கு மின்சாரம் அதிகம் ஆகாது. வழக்கமான நாளில் பதினைந்து நிமிட இடைவெளியில் உள்ள அளவுகளை மட்டும் சேர்த்துவைத்து சில மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும். கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தைத் தானே கணித்து, உண்மை அளவு அந்தக் கணிப்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் விலகினால், உடனே நிகழ்வு நிலைக்கு மாறுகிறது. பதினைந்து நொடி அளவுகளை உடனுக்குடன் அனுப்பி, பிறகு நிமிட அளவுகளுக்கு வருகிறது. இரண்டாம் தலைமுறைக் கருவிகளில் இன்னொரு வசதி சேர்ந்தது. நிலநடுக்கம் நிகழ்ந்த செய்தி கரைக்கு எட்டியதும், கரையிலிருந்தே கருவியை எழுப்பி விழித்திருக்கச் சொல்லலாம். மூன்று முடிவுகள் இதில் அடங்கியிருக்கின்றன. அளப்பதை நிறுத்தாதே, பேசுவதைக் குறை. ஆபத்தா இல்லையா என்ற முதல் முடிவைக் கருவியே எடுக்கட்டும். வெளியே ஆபத்தின் அறிகுறி தெரிந்தால் வெளியிலிருந்து எழுப்பு. மலைக்கும் இம்மூன்றும் பொருந்தும். கனமழை எச்சரிக்கை வந்த நிமிடமே, அந்த மலையின் எல்லாக் கருவியும் விழிப்பு நிலைக்கு மாற வேண்டும். மண் நகரும்வரை காத்திருக்கக் கூடாது.

இதற்கு மின்சாரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டு முழுவதும் நூற்றில் ஒரு பங்கு நேரம் விழிக்கும் ரேடியோ, மேலே சொன்ன சிப்பின் அளவில், ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லியாம்பியர்-மணி செலவிடுகிறது. அதே கருவி சாதாரண நாள்களில் இருநூற்றில் ஒரு பங்கு மட்டும் விழித்து, ஆண்டின் மிக மோசமான நாற்பது மணி நேரம் கண்ணிமைக்காமல் விழித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது மணி நேரத்துக்கு 752. மற்ற 8,720 மணி நேரத்துக்குச் சுமார் 820. மொத்தம் 1,570 சொச்சம். ஆண்டு முழுவதும் ஒரே சீராகத் தூங்கி விழித்த கருவியைவிடக் குறைவு. ஆபத்தான நாற்பது மணி நேரமும் தூக்கத்தால் விளையும் தாமதமே இல்லாமல், பேட்டரிச் செலவும் கூடாமல் இதைச் செய்ய முடிகிறது. சென்சாருக்கும் கணிப்பானுக்கும் ஆகும் மின்சாரத்தை நான் சேர்க்கவில்லை. ஆனால் அது இரண்டு முறையிலும் பெரிதாக மாறுபடாது. எந்த நாற்பது மணி நேரம் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அதற்கு மழைமானியும் வானிலை முன்னறிவிப்பும் மண் ஈரமானியும் இருக்கின்றன. தவறுதலாக இரண்டு மூன்று முறை அதிகம் விழித்தாலும், பருவமழைக்கு முன் ஒருமுறை பேட்டரியை மாற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

புதிய தொழில்நுட்பம் வந்துவிட்டது, இந்தப் பழைய கவலை இனி எதற்கு என்பது நான் அடிக்கடி எதிர்கொள்ளும் மறுப்பு. லோராவான் கருவிகள் கைமாற்றமே இல்லாமல் ஒரே தாவலில் பல கிலோமீட்டர் பேசும். இந்தியாவில் 865-867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். உண்மை. கைமாற்றத்தால் வரும் தாமதம் அதில் இல்லை. ஆனால் அதில் மிகுந்த சிக்கனம் தரும் ஏ வகுப்புக் கருவி, தான் பேசி முடித்த ஒரு நொடியிலும் இரண்டு நொடியிலும் மட்டும் சிறிது நேரம் காது கொடுக்கும். மற்ற நேரத்தில் செவிடு. அரைமணிக்கு ஒருமுறை பேசும் கருவிக்கு 'விழித்திரு' என்ற கட்டளையைச் சேர்க்க அரைமணி காத்திருக்க நேரலாம். எப்போதும் கேட்கும் சி வகுப்புக் கருவியோ பேட்டரியைத் தின்றுவிடும். மிக மெதுவான வேகத்தில் ஒரு சிறு செய்தியே காற்றில் ஒரு நொடிக்கு மேல் பயணிக்கிறது. ஐம்பது கருவிகள் ஒன்றாகக் கத்தும் இரவில் அது சின்ன விஷயம் இல்லை. செல்பேசி வலையமைப்பின் என்.பி.-ஐ.ஓ.டி. தொழில்நுட்பத்தையும் சொல்வார்கள். அதை வகுத்த சர்வதேச அமைப்பான 3ஜிபிபி, பத்து ஆண்டு பேட்டரி ஆயுளை இலக்காக வைத்தபோதே, அவசரச் செய்தி பத்து நொடிக்குள் சேர வேண்டும் என்று தனியாக ஓர் இலக்கையும் வைத்தது. முதல் இலக்கு விளம்பரங்களில் இடம்பிடித்த அளவுக்கு இரண்டாவது இலக்கு இடம்பிடிக்கவில்லை என்பதே என் வருத்தம். அதோடு, டவரே செயலிழந்திருந்த பெட்டிமுடி இரவில் பத்து நொடி இலக்குக்கு என்ன மதிப்பு? கருவிகளின் தலைமுறை மாறும்போது இழுபறியின் வடிவம்தான் மாறுகிறது.

நல்ல செய்தியும் உண்டு. சூரிச் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் கிளாஸி என்ற முறையை வெளியிட்டார்கள். ஒரே செய்தியைப் பல கருவிகள், மைக்ரோநொடிக்கும் குறைவான பிசகோடு, ஒரே தருணத்தில் திருப்பி ஒலித்தால் அவை மோதிக்கொள்வதில்லை, ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. இதைக் கொண்டு ஒரு முழு வலையமைப்புக்கும் ஒரு செய்தியைச் சில மில்லிநொடிகளில் பரப்பிக் காட்டினார்கள். வேகமாகப் பரவினால் ரேடியோ சீக்கிரம் தூங்கப் போகலாம். ஆகவே மின்சாரமும் மிச்சம். நன்றாக ஒருங்கிணைத்தால் வேகமும் சிக்கனமும் ஒரே பக்கம் நிற்கும் என்பதை இவ்வளவு அழகாகக் காட்டிய வேலை இந்தத் துறையில் குறைவு. அறிவுலகம் தன் பங்கைச் செய்திருக்கிறது. வாங்குகிறவர்கள் கேட்காததால் அது மலைக்கு வந்துசேராமல் இருக்கிறது.

வேகம் கூடினால் பொய் எச்சரிக்கையும் கூடும், நான்கைந்து முறை வெறுமனே ஓடிய மக்கள் ஆறாவது முறை எழுந்திருக்க மாட்டார்கள் என்பது கனமான மறுப்பு. ஒரு யானை உரசியே சாய்வுமானி சாயலாம். ஆனால் பொய் எச்சரிக்கையைத் தடுக்கும் வழி தாமதம் இல்லை, சரிபார்ப்பு. ஒரு கருவி அசைவை உணர்ந்தால், உடனே அக்கம்பக்கக் கருவிகளை எழுப்பி 'உனக்கும் தெரிகிறதா' என்று கேட்க வேண்டும். மூன்று கருவிகளும் நீரழுத்தமும் ஒத்துச் சொன்னால் சைரன். இந்தக் கேள்வி-பதில் ஐந்து நொடிக்குள் முடிய வேண்டுமானால் பக்கத்துக் கருவியை அதற்குள் எழுப்ப முடிய வேண்டும். மெதுவான வலையமைப்பில்தான் பொறியாளர் சங்கடத்துக்குள்ளாகிறார்: சரிபார்க்க நேரமில்லாமல் ஒற்றைக் கருவியை நம்புவதா, சரிபார்த்துக்கொண்டே நேரத்தைக் கடத்துவதா என்று. வேகமான வலையமைப்பு அந்தச் சங்கடத்திலிருந்து அவரை விடுவிக்கிறது.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு இதுதான்: கருவியின் தாமதம் நொடிகள், மனிதர்களின் தாமதம் ஆண்டுகள். மீரியபெத்தயில் ஆபத்து இருக்கிறது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. மக்கள் அங்கேயே இருந்தார்கள், மாற்றிடம் இல்லாததால். வயநாட்டில், தன் மழைமானி வலையின் அளவுகளை வைத்துக் கல்பெட்டாவின் ஹியூம் மையம் முதல் நாளே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததாகச் செய்திகள் வெளியாயின. இப்படியிருக்க, பத்து நொடியா நாற்பது நொடியா என்று வாதாடுவதில் என்ன பொருள்? மறுப்பின் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். பாதுகாப்பான இடத்தில் வீடு கொடுப்பதற்கு எந்தச் சென்சாரும் மாற்று இல்லை. சென்சார் நட்டுவிட்டோம் என்று சொல்லி வீட்டைத் தள்ளிப்போடுவது அநியாயம். ஆனால் வீடு வரும்வரை மக்கள் அந்தச் சரிவின் அடியில்தான் உறங்கப்போகிறார்கள். அவர்களுக்கும் மலைக்கும் இடையில் எத்தனையோ தாமதங்கள்: கோப்பு, கூட்டம், தொலைபேசி, உத்தரவு. இவற்றில் பலவற்றை யாராலும் உறுதியாகக் கட்டுப்படுத்த முடியாது. கருவியின் தாமதம் ஒன்றைத்தான் ஒப்பந்தத்தில் எழுதி, அளந்து, தவறினால் பணத்தை நிறுத்திச் சரிசெய்ய முடியும். கைக்கெட்டிய ஒன்றை, எட்டாதவை பெரிதாக இருக்கின்றன என்பதற்காக விட்டுவிடுவது நியாயமாகாது.

மனிதத் தாமதத்தையே குறைக்கும் வழியும் இங்கே இருக்கிறது. மலையில் எடுத்த அளவு செயற்கைக்கோளுக்கு ஏறி, தொலைதூர வளாகத்தில் இறங்கி, அங்கே ஒருவர் பார்த்து, மாவட்டத் தலைநகருக்குச் சொல்லி, அங்கிருந்து தோட்டத்துக்குச் செய்தி வரும் பாதை ஆய்வுக்கும் முன்னறிவிப்புக்கும் அவசியம். மெதுவான கட்டத்துக்கு அது போதும். மண் நகரும் கட்டத்தில், மலைக்குள்ளேயே முடிவெடுத்து மலைக்குள்ளேயே சைரனை ஒலிக்கச் செய்யும் ஒரு குறுக்குப்பாதை வேண்டும்; டவரும் மின்சாரமும் வெளியுலகமும் இல்லாமல் அது இயங்க வேண்டும். அப்படியானால் லயன் முகப்பில் தொங்கும் சைரன் பெட்டியும் அந்த வலையமைப்பின் ஒரு கருவிதான். அது தூங்கக் கூடாது. எப்போதும் காது கொடுக்கும் ரேடியோவுக்கு நாளைக்குச் சுமார் 450 மில்லியாம்பியர்-மணி வேண்டும் என்பதை மேலே உள்ள கணக்கே சொல்கிறது. மலையில் ஐம்பது இடங்களுக்கு ஏறி இதைச் செய்ய முடியாது. அடிவாரத்தில், வீட்டு வாசலில், ஒரு பெரிய பேட்டரியை வைத்து, மின்சாரம் இருக்கும்போதெல்லாம் சார்ஜ் ஏற்றி இதைச் சுலபமாகச் செய்யலாம். வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கும் 100 ஆம்பியர்-மணி பேட்டரி, வேறு எதற்கும் செலவிடாவிட்டால், வெறும் ரேடியோவை மாதக்கணக்கில் விழித்திருக்க வைக்கும். சைரன் அலறுவதற்கு ஆகும் மின்சாரம் போகவும் மிச்சம் இருக்கும். மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் தாராளமாகவும், அரிதான இடத்தில் கஞ்சமாகவும் செலவிடுவதுதான் நான் சொல்லும் ஏற்றத்தாழ்வு.

செலவு கூடும் என்பதை மறுக்கவில்லை. அடிவாரக் கருவிகளுக்குப் பெரிய பேட்டரி, ஆண்டுக்கு ஒருமுறை மேலே ஏறும் ஆள்கூலி, விழிப்பு நிலையைச் சோதிக்கும் மென்பொருள் வேலை, இவை எல்லாம் பணம். ஆனால் அளவெடுக்கும் துளையைத் தோண்டுவதும் சென்சாரை வாங்குவதும்தான் இத்தகைய திட்டங்களில் பெரும் செலவு. அவ்வளவு பணம் போட்டு இறக்கிய சென்சார் கண்டதைச் சொல்வதில் கஞ்சத்தனம் காட்டுவது பொருந்தாது. மேலும், பேட்டரியை மாற்ற ஆண்டுக்கு ஒருமுறை ஆள் ஏறுவதே ஒரு நன்மை. பத்து ஆண்டுக்கு யாரும் தொடாத கருவி உயிரோடு இருக்கிறதா, எலி கம்பியைக் கடித்துவிட்டதா, ஆன்டெனாவை மரக்கிளை மறைத்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. அந்த வேலையைத் தோட்டத்து இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்துச் செய்யச் சொன்னால், கருவி எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்திருக்கும். சைரன் ஒலிக்கும்போது அதை நம்பி ஓடுவதற்கு அந்த அறிமுகம் பெரிய துணை.

ஆகவே கேரளமும் தமிழகமும் இலங்கையும் இனி மலைச்சரிவுகளுக்குச் சென்சார் வலையமைப்பு வாங்கும்போது, ஒப்பந்தப்புள்ளியில் பேட்டரி ஆயுளுக்கு முன்னால் இரண்டு எண்களைக் கேட்க வேண்டும். மழை மிகுந்த மாதத்தில், மிக மோசமான நிலையில், நீரழுத்தம் ஏறிய செய்தி எத்தனை நிமிடத்தில் சேரும். மண் நகர்ந்த தருணத்திலிருந்து கடைசி லயனின் சைரன் எத்தனை நொடியில் ஒலிக்கும். சராசரியை ஏற்கக் கூடாது. நூறு சோதனையில் மிக மெதுவானதே கணக்கு. இரண்டாவது எண்ணை ஒவ்வொரு சரிவுக்கும் தனியாக, வீட்டின் தூரத்தையும் மேட்டுக்கு ஏற ஆகும் நேரத்தையும் மக்களோடு நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் பருவமழைக்கு முன், மே மாதத்து இரவொன்றில், முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட்டு, தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் முன்னிலையில், உச்சியில் உள்ள சாய்வுமானிகள் மூன்றைக் கையால் சாய்த்து, நீரழுத்தமும் ஏறியதாகக் காட்டி, அடிவாரத்தில் நேரத்தைக் குறிக்க வேண்டும். அப்போது சூரியத் தகடுகளை ஒரு வாரமாக மூடிவைத்திருக்க வேண்டும். டவரின் இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும். கிடைக்கும் நொடிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் சிங்களத்திலும், அந்தந்த ஊருக்கு ஏற்ப, லயன் சுவரில் எழுதிவைக்க வேண்டும். அந்த எண் ஒப்பந்தத்தில் உள்ளதைத் தாண்டினால் அந்த ஆண்டுக்கான தொகையை நிறுத்திவைக்கலாம். ஜூன் பிறப்பதற்குள் சரிசெய்ய ஒப்பந்ததாரருக்குச் சில வாரங்கள் இருக்கும்.